சோழவந்தானுக்கு வந்த விசாரணை

என் மாமனார் இறந்த அன்று நான் அழுத அழுகையைப் பார்த்து, துக்கத்துக்கு வந்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். "பெத்த மக இருந்தாக்கூட இம்புட்டு அழுக மாட்டா" என்று ஒரு பெரியம்மா முறைக்காரி என் காதுபடவே சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகிறவளைக்கூட நிம்மதியாக அழ விடமாட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், நான் அழுததில் பாதி அவருக்காக, மீதி எனக்காக. கடைசி ஐந்தாறு வருஷம் என் புருஷன் என்மேல் கை வைக்காமல் இருந்தது அவரால்தான். இப்போது அவர் இல்லை. இனி அந்தக் கையை யார் நிறுத்துவார்கள்? கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஓடியதெல்லாம் இது ஒன்றுதான்.

எங்கள் வீடு ஆனையூரில். எழுபதுகளின் கடைசியில் நான் வாக்கப்பட்டு வந்தபோது அது ஊரும் இல்லை, டவுனும் இல்லை. பத்துப் பதினைந்து வீடு, ஒரு கண்மாய், அதைத் தாண்டினால் கருவேலங்காடு. டவுன் பஸ் நினைத்தால் வரும், நினைத்தால் வராது. மாமனார் அந்த வருஷம்தான் போலீஸ் வேலையிலிருந்து ரிட்டையர் ஆகியிருந்தார். மீசை முளைக்கிற வயதில் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா சண்டைக்குப் போனவர். திரும்பி வந்ததும் போலீஸில் சேர்ந்தார். கான்ஸ்டபிளாக ஆரம்பித்து, ஏட்டாகி, பல வருஷம் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டராக இருந்து, கடைசியில் எஸ்.ஐ.யாக வெளியே வந்தார். சண்டையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். இடது காலில் இரண்டு விரல் இருக்காது. எப்படிப் போச்சு என்று ஒரு தடவை கேட்டேன். "மழையில தாயி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

ஆனால் எழுதுவார். ரைட்டராக இருந்த பழக்கம் ரிட்டையர் ஆனபிறகும் விடவில்லை. யார் என்ன பிராது கொண்டுவந்தாலும், வாயால் சொன்னால் கேட்டுக்கொள்ள மாட்டார். உட்காரச் சொல்வார், பேனாவைத் திறப்பார், தாளில் ஓரம் மடிப்பார், "ம், சொல்லு" என்பார். சொல்லி முடித்ததும் எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டுவார். சரியென்று சொன்னபிறகு கையெழுத்து, எழுதத் தெரியாதவர்களுக்குக் கைநாட்டு. அதற்கென்று ஊதா மைப்பெட்டி ஒன்று வைத்திருந்தார்.

நான் வந்த புதிதில் அடுத்த தெருக்காரி ஒருத்தி, வளர்த்த கோழியைக் காணோம் என்று வந்தாள். மாமா அவளிடம் கோழியின் நிறம், வயது, கடைசியாக மேய்ந்த இடம், யார் யாரோடு மனஸ்தாபம் என்று நாலு பக்கம் எழுதினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். மறுநாள் ஐந்து பேரை விசாரித்து, கோழியை அடித்துத் தின்றது அவளுடைய சொந்தத் தம்பிதான் என்று கண்டுபிடித்துவிட்டார். அவளே வந்து, "அய்யா, அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்ருங்க" என்று கெஞ்சினாள். "எழுதினதைக் கிழிக்க முடியாது. வேணும்னா சமாதானமாப் போறேன்னு கீழ எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார். போட்டாள். இப்படி ஒரு மனுஷன்.

என் புருஷனுக்கு லாரி ஆபீஸில் கணக்குப்பிள்ளை வேலை. வெளியே தங்கமான ஆள். மாப்ள மாப்ள என்று ஊரே தோளில் கைபோடும். வீட்டுக்குள் வந்தால் வேற ஆள். எனக்கும் வாய் சும்மா இருக்காது, அதை நான் மறைக்கவில்லை. அவர் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். ஆனால் வாய்க்கு வாய்தானே பதில்? முதல் தடவை அடித்தது சட்டைக்கு இஸ்திரி போடவில்லை என்று. இரண்டாவது தடவை எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "போய் மூஞ்சியக் கழுவு" என்றார். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறார் என்று எனக்கு வயிறு எரிந்தது. அன்றையிலிருந்து அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பில் உப்புத் தூக்கல் என்று தட்டைத் தள்ளினார். "நாக்கு செத்துப்போச்சா, உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். எழுந்து வந்து விட்ட அறையில் என் இடது காதுக்குள் விண்ணென்று ஒரு சத்தம். கைவைத்துப் பார்த்தால் விரலில் ரத்தம். அந்தக் காது இன்றைக்கும் எனக்குப் பாதிதான் கேட்கும். மாமியார் அடுப்படியில் இருந்தார். மாமா கூடத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்து, கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மாற்றுத்துணிகூட எடுக்காமல் சோழவந்தானுக்கு அப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. காலையிலிருந்து சாயங்காலம்வரை அதுக்குள்ளேயேதான் கிடப்பார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவரும், அம்மாவும், பக்கத்து வீடும், எதிர்வீடும், என்னமோ பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அடிக்கிற அளவுக்கு நீ என்ன சொன்ன?" காதில் எண்ணெய் விடுகிறேன் என்று வந்தவள்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் எண்ணெய் விட்டாள். மூன்று நாளில் அப்பா முடிவெடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை நல்ல நாள், அவரே கொண்டுவந்து விட்டுவிட்டு, மாப்பிள்ளையிடம் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வருவதாக. எனக்குக் கிணற்றில் விழுந்துவிடலாமா என்றிருந்தது.

நாலாம் நாள் காலையில் மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையிடுக்கில் அட்டை வைத்த ஃபைல், தோளில் பட்டாளத்துத் தண்ணீர்க் குடுவை. வீட்டில் நான் இல்லை, அப்பாவோடு கொடிக்காலில் இருக்கிறேன் என்று கேட்டு அங்கேயே வந்துவிட்டார். அப்பா பதறிப்போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சம்பந்தி, நாளைக்கு நானே கூட்டிட்டு வாரதா இருந்தேன். எளநீ வெட்டச் சொல்றேன்" என்றார்.

"இருக்கட்டும் சம்பந்தி. விசாரணைக்கு வந்த எடத்துல நான் ஒண்ணும் சாப்புடுறதில்ல" என்றார் மாமா.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். மாமா குடுவையைத் திறந்து தன் தண்ணீரைக் குடித்துவிட்டு, வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்தார். "சம்பந்தி, நீங்க கொஞ்சம் அங்கிட்டுப் போங்க. வாக்குமூலம் குடுக்கிறப்ப பக்கத்துல சொந்தக்காரங்க இருக்கக்கூடாது." அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாய்க்கால் பக்கம் போனார். மாமா தாளில் ஓரம் மடித்தார்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "என்ன மாமா, கேலி பண்ண வந்தீங்களா? நான் என்ன கோழியைத் தொலைச்சுட்டு உக்காந்திருக்கேனா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கேலி இல்ல தாயி. நான் சமாதானம் பேச வரல. என்ன நடந்துச்சுன்னு எழுதிக்கிட்டுப் போக வந்தேன். சொல்ல இஷ்டம் இல்லைன்னா இப்பவே போறேன்."

நான் அகத்தி மர நிழலில் அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். அவர் கேட்டார். என்ன கிழமை, என்ன நேரம். எந்தக் கையால் அடித்தான். கை விரித்திருந்ததா மடக்கியிருந்ததா. நீ நின்றிருந்தாயா உட்கார்ந்திருந்தாயா. எந்தக் காது. ரத்தம் எவ்வளவு நேரம் வந்தது. இதற்கு முன்னால் எத்தனை தடவை. ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்லச் சொல்ல அவர் பேனா போய்க்கொண்டே இருந்தது. எனக்கு எப்படியிருந்தது தெரியுமா? நாலு நாளாக நான் சொன்னதெல்லாம் காற்றோடு போனது. இங்கே ஒருத்தர் ஒரு வார்த்தைகூட சிந்தாமல் எழுதிக்கொண்டிருக்கிறார். அழுதுவிட்டேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அழாதே என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த ஒரே கேள்வியை அவரும் கேட்பார், கேட்பார் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை. கடைசியில் எனக்கே பொறுக்காமல், "நானும் சும்மா இருக்கல மாமா. நாக்கு செத்துப்போச்சான்னு கேட்டேன்" என்றேன்.

"அது இந்த விசாரணையில வராது" என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த ஒரு வார்த்தைக்காக நான் அவருக்கு ஏழு ஜென்மம் கடன்பட்டவள். என் அப்பா சொல்லவில்லை, என் அம்மா சொல்லவில்லை. என்னைப் பெறாத ஒரு மனுஷன், அடித்தவனைப் பெற்ற மனுஷன், வரப்பில் உட்கார்ந்து சொன்னார்.

அடுத்த கேள்வி, சம்பவம் நடந்தபோது வீட்டில் வேறு யார் இருந்தார்கள். "அத்தை இருந்தாக. நீங்க இருந்தீங்க" என்றேன். பேனா நின்றது.

"நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?"

"மாமா…"

"சொல்லு தாயி. சாட்சியைப் பத்திக் கேக்கேன்."

"ரேடியோ கேட்டுக்கிட்டிருந்தீங்க."

"சத்தம் கேட்டதும் என்ன செஞ்சேன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ரேடியோ சத்தத்தைக் கூட்டி வச்சீங்க."

எழுதினார். அதையும் எழுதினார். அப்புறம் முழுவதையும் படித்துக் காட்டினார். "அப்போது கூடத்தில் இருந்த என் மாமனார் எழுந்து வரவில்லை. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்" என்ற வரியை மற்ற வரிகளைப் படித்த அதே குரலில்தான் படித்தார். எத்தனை திருடன், எத்தனை கொலைகாரன் வாக்குமூலத்தைப் படித்த குரலோ. நான் கையெழுத்துப் போட்டேன். என்னைக் கூடவே கூட்டிக்கொண்டு போவார் என்று அப்பா நினைத்தார். "இல்ல சம்பந்தி. இன்னும் ரெண்டு பேரை விசாரிக்கணும். அதுவரைக்கும் பிள்ளை இங்கதான் இருக்கணும். நீங்களும் கொண்டுவந்து விடக்கூடாது" என்று சொல்லிவிட்டு, இளநீரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

வீட்டில் நடந்ததை என் புருஷனே பின்னால் எனக்குச் சொன்னார், பல வருஷம் கழித்து, கொஞ்சம் சிரித்துக்கொண்டு. அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து மாமா கேள்வி கேட்டிருக்கிறார். இவர், "என்னப்பா விளையாட்டு இது?" என்று எழுந்திருக்கிறார். "உக்காருடா" என்று ஒரு அதட்டல். அந்தக் குரலை வீட்டில் கேட்டு ரொம்ப வருஷம் ஆகியிருந்ததாம். உட்கார்ந்துவிட்டார். அடித்ததை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மாமியாரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு அவர் வாயைத் திறக்கவேயில்லை. நான் எதிர்பார்த்ததுதான். மாமா அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு, "சாட்சி எதுவும் சொல்ல விரும்பவில்லை" என்று எழுதிவிட்டார்.

பத்து நாள் கழித்து மறுபடியும் சோழவந்தானுக்கு வந்தார். இந்தத் தடவை வீட்டுக்கூடத்திலேயே, என் அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு பேசினார். "தாயி, நீ கேஸு குடுக்கணும்னா நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன். எம் மகன்னு நீ தயவு பாக்கவேண்டாம், நானும் பாக்கல. நானும் சாட்சிதான், வந்து சொல்லுவேன். இல்ல, வீட்டுக்கு வாரேன்னாலும் வா. அவன் முன்ரூமுல படுத்துக்கிருவான். நீயாக் கூப்புடுறவரைக்கும் உள்ள வரமாட்டான். ரேடியோவை நான் குடுத்துட்டேன்."

"யாருக்கு?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது. ஆனாலும் கேட்டேன்.

"பஸ் ஸ்டாப்பு டீக்கடைக்காரனுக்கு" என்றார்.

நான் அன்றைக்கே கிளம்பிவிட்டேன். எனக்குக் கேஸ் வேண்டாம், என் வீடு வேண்டும், என் பிள்ளைக்கு அப்பா வேண்டும், ஆனால் அடி வேண்டாம். இம்புட்டுத்தான் என் ஆசை. இதைப் பேராசை என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு ஸ்டேஷன்தான். வாசல் நிலையில் ஆணி அடித்து ஒரு நோட்டைத் தொங்கவிட்டார். பீட்டுக்கு வருகிற போலீஸ்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாரே, அந்த மாதிரி. என் புருஷன் தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் அதில் நேரம் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். மாமா பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சி மோந்து பார்ப்பார். சாராய வாடை வந்தால், "இன்னைக்கு வெளிய படு" என்பார். தெருவே வேடிக்கை பார்த்தது. "எங்கப்பன் என்னைக் கேடி மாதிரி வச்சிருக்கான் மாப்ள" என்று கூட்டாளிகளிடம் புலம்பினாராம். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. முன்ரூமிலேயே ஆறு மாசம். அப்புறம் நானேதான் கூப்பிட்டேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம்.

ஐந்தாறு வருஷம் ஒரு அடி இல்லை. சண்டை உண்டு, கத்தல் உண்டு, ஒருநாள் சொம்பு பறந்ததும் உண்டு. ஆனால் கை எழும்பும்போதே கூடத்திலிருந்து ஒரு செருமல் வரும். "க்கும்" என்று. கை இறங்கிவிடும். என் புருஷன் மனசு மாறித்தான் இறங்கியதா, செருமலுக்குப் பயந்து இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் பிரியப்படவில்லை. மாமாவுக்கு வேளாவேளைக்குக் காபி கொடுத்தேன், அந்த விரல் இல்லாத காலுக்கு மழைக்காலத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். நன்றியென்று வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் பக்கம் அதெல்லாம் சொல்லிக்கொள்கிற வழக்கம் இல்லை. ஒத்தடம் கொடுத்தால் அவருக்குத் தெரியும்.

மாமியாரோடு மட்டும் எனக்கு ஒட்டவேயில்லை. பேசுவேன், தேவைக்குப் பேசுவேன். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், வாயைத் திறக்காத சாட்சி என்ற நினைப்பு வந்துவிடும். பெண்ணாகப் பிறந்து இன்னொரு பெண்ணுக்காக ஒரு வார்த்தை சொல்லாதவர் என்று.

மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்று நாள். மாமியார்தான் பக்கத்தில் இருந்தார். நான் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். நாலாம் நாள் காலையில் முடிந்துவிட்டது. ரிட்டையர் ஆன போலீஸ்காரர்கள் இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். தொப்பை விழுந்து, தலை நரைத்து, ஒருத்தர் ஊன்றுகோலோடு. யாரும் சொல்லாமலே வாசலில் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதே சமயம், சுடுகாட்டிலிருந்து திரும்பிய என் புருஷனின் தோளில் அவருடைய சித்தப்பா கைபோட்டு, "இனிமே நீதான்டா வீட்டுக்கு ஆம்பள. நோட்டுல கையெழுத்துப் போடச் சொல்ல யாரு இருக்கா" என்று சொல்லியதும் என் காதில் விழுந்தது. நல்ல காதுப் பக்கம் நின்றுதான் சொன்னார், பாவி மனுஷன்.

பதினாறாம் நாள் கருமாதியில் உருமா கட்டினார்கள். தகப்பன் போனால் மகனுக்குத் தாய்மாமன் தலைப்பாகை கட்டி, இனி இவன்தான் வீட்டுக்குப் பெரியவன் என்று நாலு பேர் முன்னால் நிறுத்துகிற சடங்கு. என் புருஷன் தலையில் புதுத்துண்டு ஏறியபோது, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத முகம்தான். அப்பனை நினைத்து அழுதிருந்தார். ஆனாலும் என் கண் அவர் கைக்குத்தான் போனது. அன்று சாயங்காலம் வாசல் நோட்டைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டார்.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம் கூட்டாளிகள் மூன்று பேரோடு வந்தார். பையில் பாட்டில். கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "கறி எடுத்து வச்சிருக்கேன், ஆக்கு" என்றார். மாமா படத்துக்குப் போட்ட மாலைகூட வாடி உதிரவில்லை. "முப்பது கழியாத வீட்டுல கறி ஆக்கமாட்டேன்" என்று சொன்னேன். கூட்டாளிகளுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. நாங்க இன்னொரு நாளைக்கு வாரோம் மாப்ள என்று எழுந்து போய்விட்டார்கள். அவர் வாசல்வரை போய், கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். அந்த நடை எனக்குத் தெரியும்.

"ஆளுக முன்னாடி அசிங்கப்படுத்துற?"

"நீங்களே பட்டுக்கிட்டீங்க" என்றேன். என்ன செய்ய, அந்த நேரத்திலும் என் வாய் அப்படித்தான்.

கை எழும்பியது. நான் கூடத்தைப் பார்த்தேன். காலி பெஞ்சு. ஒரு செருமல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இடது காதைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"அடி" என்று ஒரு குரல். "நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அடி."

கண்ணைத் திறந்தால் மாமியார். புருஷனை இழந்தவள் மூலையில் இருக்க வேண்டிய நாள் அது. யார் முகத்துக்கும் நேரே வரக்கூடாது. வந்து நடுக்கூடத்தில் நின்றார், நெற்றியில் ஒன்றுமில்லாமல், கழுத்தில் ஒன்றுமில்லாமல்.

"ஒங்கப்பாவும் இப்படித்தான், கைய மடக்காமத்தான் ஓங்குவாக" என்றார். "இடது பக்கமாத்தான் விழுகும். பட்டாளத்துலருந்து வந்த நாள்லருந்து பதினஞ்சு வருசம். நீ பள்ளிக்கூடத்துப் பையைக் கட்டிப்புடிச்சுக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில கெடப்ப. மறந்துட்டியா?"

என் புருஷன் கை அப்படியே நின்றது. அவர் மறக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மறக்கவில்லை. கை இறங்கியது. பெஞ்சில் போய் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தக் கை என்மேல் எழும்பியதில்லை. அதைவிடப் பெரிய சங்கதி அடுப்படியில் நடந்ததுதான்.

நான் மாமியார் பின்னாலேயே போனேன். அவர் தரையில் உட்கார்ந்து, அரைகுறையாகக் கிடந்த அவரைக்காயை உரிக்க ஆரம்பித்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, சண்டை போட வேண்டும் போலவும் இருந்தது. சண்டைதான் முந்தியது.

"அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே அத்தை. மாமா எழுதுறப்ப வாயைத் திறக்காம இருந்தீங்களே. ஒங்களை நான் எம்புட்டு வஞ்சிருப்பேன் மனசுக்குள்ள."

"நான் வாயைத் தொறந்தா எம் பையன் இத எங்க படிச்சான்னும் சொல்லணுமே" என்றார். "எழுதுறதும் அந்தக் கைதான. எப்படிச் சொல்லுவேன்? வேண்டாம்னு இருந்துட்டேன். அதைக் கெடுக்கக்கூடாதுன்னு இருந்துட்டேன்."

"எதைக் கெடுக்கக்கூடாதுன்னு?"

"அவுக ஒனக்குச் செய்யிறத."

அவர் காயை உரித்துக்கொண்டே சொன்னார். "சோழவந்தானுக்கு அவுகளாப் போனாகன்னா நெனைக்கிற? நீ போன அன்னைக்கு ராவுலருந்து நான் அடுப்புப் பத்தவைக்கல. மூணு நாளு. கடையில வாங்கித் தின்னாக ரெண்டு பேரும். நாலாம் நாளு வெள்ளன எந்திருச்சு, என்னடி வேணும் ஒனக்குன்னு கேட்டாக. எனக்கு ஒண்ணும் வேணாம், அந்தப் பிள்ளைக்கிட்டப் போயி என்ன நடந்துச்சுன்னு கேட்டு எழுதிக்கிட்டு வாங்க, ஊருல கோழி காணாமப் போனாக் கேக்குறீகள்ல, அப்பத்தான் ஒல வைப்பேன்னேன். குடுவையில தண்ணி புடிச்சாக. அப்புறம் ஃபைல எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாக."

எத்தனை வருஷம். ஒருத்தருக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, இன்னொருத்தருக்கு முகம் கொடுக்காமல் திரிந்திருக்கிறேன். மாமா மேல் எனக்கு இருக்கிற நன்றி இதைக் கேட்டு ஒரு பொட்டு குறையவில்லை. அந்த வரப்பில் உட்கார்ந்து தன் பெயரைத் தானே எழுதினவர் அவர்தான், அதை வேறு யாரும் எழுதவில்லை. ஆனால் அது யார் அனுப்பிய பேனா என்று தெரியாமல் இருந்துவிட்டேனே என்று எனக்கு ஆறவில்லை. அவரைக்காயைப் பிடுங்கி என் மடியில் போட்டுக்கொண்டு உரிக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உரித்துக்கொண்டே கேட்டேன். "ஒங்களுக்கு நடந்தத ஒங்ககிட்ட அவுக ஒருநாளும் கேக்கலையா அத்தை?"

"கேட்டாக. ஆஸ்பத்திரியில, மூணாம் நாளு. 'ஒன்னோடத நான் எழுதவே இல்லயே'ன்னாக."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தண்ணி வேணுமான்னு கேட்டேன்" என்றார் அத்தை.